60 லட்சமும் 3 ஆண்டுகளும்: பேட்டரி ஆய்வகத்திலிருந்து ஒரு நல்கை மதிப்புரை

ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் மத்திய அரசின் அமைப்பான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை 2024ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமரின் தொடக்கநிலை ஆய்வாளர் நல்கைக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டு இதுவரை நான்கு பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். நால்வரும் தென்மாவட்டக் கல்லூரிகளில் வேதியியலோ இயற்பியலோ கற்பிப்பவர்கள். சூரிய மின்கலம், பேட்டரி, ஹைட்ரஜன் என்று நால்வருடைய ஆய்வும் தூய்மையான ஆற்றலைச் சுற்றியே அமைந்திருக்கிறது. மத்திய அரசின் வேறொரு இரண்டாண்டு நல்கையைப் பெற்றுச் செலவழித்துக் கணக்கும் ஒப்படைத்து முடித்தவன் என்ற தகுதியில், அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். புதிய நல்கையை நான் பெற்றவன் அல்லன்; என் வயதும் பணிக்காலமும் அதற்கான எல்லையைத் தாண்டிவிட்டன. ஆனால் அதன் விதிகளை வரி வரியாகப் படித்து, மூன்று விண்ணப்பங்களின் செலவுத் திட்டத்தை அந்த இளைஞர்களுடன் உட்கார்ந்து தயாரித்திருக்கிறேன்.

கேட்டவர்கள் அனைவருக்கும் என் பதில் ஒன்றுதான்: விண்ணப்பியுங்கள். தொகை பெரிது என்பதால் அப்படிச் சொல்லவில்லை. இந்த நல்கை திருப்பிக் கொடுத்திருக்கும் மூன்றாவது ஆண்டுக்காகச் சொல்கிறேன்.

திருப்பிக் கொடுத்திருக்கும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த அறக்கட்டளைக்கு முன்பு அதே பணியைச் செய்துவந்தது, 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம். ஆய்வாளர்களின் பேச்சில் 'செர்ப்'. அந்த வாரியம் தொடக்கநிலை ஆய்வாளர் விருது என்ற பெயரில் மூன்று ஆண்டுகளுக்கு 50 லட்சம் ரூபாய் வரை வழங்கிக்கொண்டிருந்தது. 2019ஆம் ஆண்டு அதன் இடத்தில் தொடக்க ஆராய்ச்சி நல்கை வந்தது: இரண்டு ஆண்டுகள், 30 லட்சம் ரூபாய் வரை. முன்பைவிடச் சிறிய தொகையைக் கூடுதல் பேருக்குப் பகிர்ந்தளிக்கும் நோக்கமாக இருந்திருக்கலாம். அது நியாயமான நோக்கமும்கூட. 2023ஆம் ஆண்டின் சட்டப்படி அறக்கட்டளை அமைந்து, 2024 பிப்ரவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு அறிவிக்கப்பட்ட புதிய நல்கையோ மூன்று ஆண்டுகளுக்கு 60 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நிறுவனத்துக்குச் செல்லும் மேற்செலவுத் தொகை, அதாவது ஓவர்ஹெட், இதில் சேராது. ஓராண்டுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் பழைய விருது ஏறத்தாழ 16.7 லட்சம், அடுத்து வந்தது 15 லட்சம், இப்போதையது 20 லட்சம். விலைவாசி ஏறியிருக்கும் அளவை வைத்துப் பார்த்தால் இந்த உயர்வில் மகிழ்ந்து கொண்டாட ஒன்றுமில்லை. ஆண்டுக் கணக்கு மட்டும் இரண்டிலிருந்து மறுபடியும் மூன்றாகியிருக்கிறது. ஆற்றல் துறையில் வேலை செய்பவனுக்கு அது பெரிய செய்தி.

ஏன் என்பதற்கு என் சொந்த வேலையையே எடுத்துக்கொள்கிறேன். சீமைக்கருவேல மரத்திலிருந்து கடினக் கரியைத் தயாரித்து, அதைச் சோடியம் அயனி பேட்டரியின் எதிர்மின்வாயாகப் பயன்படுத்தலாமா என்பது என் ஆய்வு. லித்தியம் பேட்டரியில் கிராஃபைட் செய்யும் வேலையைச் சோடியத்துக்குக் கிராஃபைட்டால் செய்ய முடியாது. சோடியம் அயனி அந்த அடுக்குகளுக்குள் சரியாக நுழைந்து தங்குவதில்லை. எனவே அடுக்குகள் கலைந்து குழம்பிக் கிடக்கும் கடினக் கரி தேவைப்படுகிறது. கரியைத் தயாரிப்பதற்குச் சில நாட்கள் போதும். அதை மின்வாயாகப் பூசி, ஆர்கான் வாயு நிரம்பிய கிளவ் பாக்ஸுக்குள், அதாவது கையுறை வழியாகவே வேலை செய்யும் காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்து நாணய அளவிலான கலமாக மூடுவதற்கு இன்னும் சில நாட்கள். அதற்குப் பிறகுதான் கேள்வியே தொடங்குகிறது: இந்தக் கலம் எத்தனை முறை மின்னேற்றி இறக்கினால் தாங்கும்?

மின்னேற்ற 5 மணி நேரம், இறக்க 5 மணி நேரம் என்ற நிதானமான வேகத்தில் ஒரு சுற்றுக்கு 10 மணி நேரம் ஆகும். 1,000 சுற்றுக்கு 10,000 மணி நேரம், 416 நாட்கள். மின்தடை ஒருமுறைகூட ஏற்படவில்லை, சோதனைக் கருவி ஒருமுறைகூடப் பழுதாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் ஓராண்டும் இரண்டு மாதங்களும் ஓடிவிடும். வேகத்தை ஐந்து மடங்கு கூட்டினால் அதே 1,000 சுற்று மூன்று மாதத்துக்குள் முடியும் என்பது உண்மையே. ஆனால் அது வேறொரு கேள்விக்கான விடை. காலத்தால் பேட்டரிக்குள் மெல்ல நிகழும் சிதைவு, அந்த அவசரச் சோதனையில் தலைகாட்டுவதற்குள் சோதனையே முடிந்துவிடுகிறது. 45 பாகை செல்சியஸில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றால், அதற்கு இன்னொரு தொகுதிக் கலங்களும் இன்னொரு ஓராண்டும் வேண்டும். நம் ஊர்க் கோடையில் சாலையில் நிற்கும் ஒரு மின்சார ஸ்கூட்டரை நினைத்துப் பார்த்தால், அந்தச் சோதனையை விட்டுவிடவும் மனம் வராது.

பெரோவ்ஸ்கைட் என்ற படிகப்பொருளாலான சூரிய மின்கலத்தில் வேலை செய்யும் நண்பரின் நிலை சற்று மேல். சூரியத் தகடுகளுக்கான பன்னாட்டுத் தர நிர்ணயத்தில் 85 பாகை வெப்பத்திலும் 85 விழுக்காட்டு ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம் வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. ஒரு முறைக்கு ஆறு வாரம்தான். ஆனால் கலம் மூன்றாவது வாரத்திலேயே கெட்டுவிடும். கலவையை மாற்றி மறுபடியும் தொடங்க வேண்டும். அதையும் பத்து முறை செய்தால் ஆண்டுக்கணக்கு ஆகிவிடும்.

இப்போது இரண்டாண்டு நல்கையின் நாட்காட்டியை இதன் அருகில் வைத்துப் பார்ப்போம். ஒப்புதல் ஆணை வந்த நாளிலிருந்து கணக்கு தொடங்குகிறது. கிளவ் பாக்ஸ் இல்லாமல் சோடியத்தைத் தொட முடியாது. காற்றின் ஈரம் பட்டால் அது உடனே வினைபுரிந்து கெட்டுவிடும். எனவே முதல் வேலை அதை வாங்குவது. எங்கள் கல்லூரியின் கொள்முதல் குழு கூடி, கொட்டேஷன்களை ஒப்பிட்டு, ஆணை வழங்க நான்கு மாதங்கள் ஆயின. ஆணையைப் பெற்ற நிறுவனம் 12 வாரத்தில் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, ஆணை பெற்றதிலிருந்து எட்டாவது மாதத்தில்தான் பெட்டியை இறக்கியது. இறக்கிய பிறகு அதை நிறுவ வந்த பொறியாளர், ஆர்கான் வாயுவைச் சுத்திகரிக்கும் பகுதியில் ஒரு வால்வு தவறான அளவில் வந்திருப்பதைக் கண்டுபிடித்து, படம் எடுத்து அனுப்பிவிட்டு ஊர் திரும்பினார். சரியான வால்வு வருவதற்கு இன்னும் ஆறு வாரம். 24 மாதத்தில் 13 மாதமும் சில நாட்களும் போன பிறகுதான் என் முதல் கலத்தை மூடினேன். மீதியிருந்த நாட்களுக்குள் மேலே சொன்ன 416 நாட்களை எப்படி அடக்குவது என்று எந்த விதி நூலிலும் இல்லை.

கொள்முதல் விதிகளில் 2025 ஜூனில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அறிவியல் நிறுவனங்கள் கொட்டேஷன் கேட்காமல் நேரடியாக வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாகவும், கொள்முதல் குழுவின் மூலம் வாங்கும் வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமாகவும் உயர்த்தப்பட்டன. அரசின் 'ஜெம்' இணையச் சந்தைக்கு வெளியே அறிவியல் கருவிகளை வாங்கும் அதிகாரமும் இயக்குநர்களுக்கும் துணைவேந்தர்களுக்கும் கிடைத்தது. நாற்காலியும் கணினியும் வாங்க ஜெம் நன்றாகவே பயன்படும். ஈரம் படக்கூடாத சோடியம் உப்பு ஒன்றைக் குறிப்பிட்ட தூய்மையில் வாங்கும்போது, பேச்சுவழக்கில் 'எல்-ஒன்' எனப்படும் மிகக்குறைந்த விலைக்காரரிடமே வாங்கியாக வேண்டும் என்ற நிலை எவ்வளவு அபாயமானது என்பதை மின்பகுபொருள் பழுப்பு நிறமாக மாறி வந்ததைப் பார்த்தவர்களே அறிவர். புதிய வரம்புகள் இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைக்கும். இந்த வரம்புகள் யாருக்குப் பொருந்தும், உங்கள் கல்லூரி அதை ஏற்று நடக்குமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே நிதி அலுவலரிடம் எழுத்து வடிவில் கேட்டு வாங்குங்கள். கல்லூரி அலுவலகங்கள் பழைய சுற்றறிக்கையை எளிதில் கைவிடுவதில்லை.

தொகை போதுமா என்ற கேள்விக்கு வருகிறேன். அண்மையில் ஓர் இளம் நண்பருக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு இது. ஒரு ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். மூன்றாம் ஆண்டு எஸ்.ஆர்.எஃப்., அதாவது முதுநிலை ஆய்வாளராக உயர்ந்தால் 42,000. வீட்டு வாடகைப் படி நீங்கலாகவே மூன்று ஆண்டுகளுக்கு 13.92 லட்சம். கிளவ் பாக்ஸுக்கு அவருக்கு வந்த கொட்டேஷன்களில் குறைந்தது 19 லட்சம். எட்டுத் தடங்கள் கொண்ட பேட்டரி சோதனைக் கருவிக்கு ஏறத்தாழ 6 லட்சமும், மந்த வாயுவில் 1,200 பாகைக்கு மேல் செல்லும் குழாய் உலைக்கு 5 லட்சமும் வைத்தோம். கூட்டினால் 44 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மீதி 16 லட்சத்தில் மூன்று ஆண்டுகளுக்கான வேதிப்பொருட்கள், ஆர்கான் உருளைகள், வெளி ஆய்வகங்களில் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குக் கொடுக்கும் கட்டணம், பயணம் எல்லாம் அடங்க வேண்டும். அடங்கும். தாராளமாக இல்லாவிட்டாலும் அடங்கும். 30 லட்சத்தில் இதே பட்டியலைப் போட்டால் கருவிகளை வாங்கி முடித்த அன்றே பணமும் முடிந்து, கருவிக்கு முன்னால் உட்கார ஆளும் இருக்காது. கணக்கில் ஒரு வரி மட்டும் மறந்துவிடாதீர்கள்: சோதனைக் கருவிக்கு யூ.பி.எஸ். அந்த யூ.பி.எஸ்.க்குள் இருப்பது பழைய காரீய அமில பேட்டரிதான். நாளைய பேட்டரியைச் சோதிப்பதற்கு நேற்றைய பேட்டரி காவலிருக்கிறது.

வரி பற்றியும் ஒரு சொல். 2022 ஜூலையில், அரசு நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்களுக்கு அறிவியல் கருவிகளின் மீதிருந்த 5 விழுக்காட்டுச் சலுகை ஜி.எஸ்.டி. விலக்கிக்கொள்ளப்பட்டது. 18 விழுக்காடு என்று வைத்துப் பார்த்தால், 20 லட்சம் ரூபாய்க் கருவிக்கு 1 லட்சமாக இருந்த வரி 3.6 லட்சமாயிற்று. ஒப்புதல் ஆணையில் எழுதிய தொகையோ ஏறவில்லை. எனவே செலவுத் திட்டத்தில் வரியைத் தனியாகக் காட்டி, அதை விளக்கும் பத்தியில் விகிதத்தையும் குறிப்பிடுவது நல்லது.

நல்கையின் அமைப்பிலேயே எனக்கு மிகவும் உறுத்தலாக இருப்பது மார்ச் 31. மத்திய அரசின் பல ஆய்வுத் திட்டங்களில் இப்போது பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு வந்து தங்குவதில்லை. இருப்பு பூஜ்யமாக உள்ள கணக்கு ஒன்றில் செலவழிப்பதற்கான வரம்பு மட்டும் ஒதுக்கப்படுகிறது, நிதியாண்டு முடியும்போது செலவழிக்காத வரம்பு திரும்பிவிடுகிறது. மக்கள் வரிப்பணம் வங்கிகளில் வீணாகத் தேங்கிக் கிடக்கக்கூடாது என்ற எண்ணத்தில் வந்த ஏற்பாடு இது. கருவூலத்தின் பக்கம் நின்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆய்வகத்தின் பக்கம் நின்று பார்த்தால் கதை வேறு. ஒப்புதல் ஆணை நவம்பரில் வந்தால், வெளிநாட்டுக் கருவி ஒன்றை நான்கு மாதத்துக்குள் தேர்ந்து, ஆணையிட்டு, பெற்று, பணமும் கொடுத்து முடிக்க வேண்டும்; முடியாவிட்டால் அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் முந்தைய ஆண்டின் பயன்பாட்டுச் சான்றிதழை, அதாவது யூ.சி.யை, 12-ஏ படிவத்தில் தயாரித்துத் தணிக்கையாளரிடம் கையொப்பம் பெறும் வேலையும் அடங்கும். விதைக்கும் காலத்தைக் கருவூலம் நிர்ணயித்தால் மழை அதைக் கேட்டுப் பெய்யாது என்று என் தந்தையார் வங்கிக் கடன் பற்றிச் சொல்வதுண்டு. நான் இதை நினைத்துக்கொள்வது பிப்ரவரி மாதங்களில்.

ஆள் சேர்ப்பதிலும் காலம்தான் இடிக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். சோதனை சார்ந்த வேதியியலில் மூன்று ஆண்டுகளில் ஆய்வேட்டை ஒப்படைப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை. திட்டம் தொடங்கி ஆறு மாதம் கழித்துச் சேரும் மாணவிக்கு மீதமுள்ள இரண்டரை ஆண்டுகளுக்கே ஊதியம் உண்டு. பட்டத்துக்கான வேலை உச்சத்தில் இருக்கும்போது அது நின்றுவிடும். திறமையுள்ளவர்கள் இதை முதல் நாளே கணக்கிட்டுவிடுகிறார்கள். ஐந்தாண்டு உதவித்தொகை கிடைக்கும் இடத்துக்கு இரண்டாவது ஆண்டில் போய்விடும் மாணவர் மீது எனக்குக் கோபம் வருவதில்லை. கிளவ் பாக்ஸுக்குள் கையை நுழைத்து வேலை செய்யப் பழகிய ஒருவர் போய்விட்டால், அடுத்தவருக்குப் பழக்க மூன்று மாதம் ஆகும் என்பதை மட்டும் திட்ட அட்டவணையில் எழுத இடமில்லை.

வேறு வாய்ப்புகளும் உண்டு. அவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அறிவியல், தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் ஆசிரியர் நல்கை ஐந்து ஆண்டுகள் தருகிறது: மாதம் 1,25,000 ரூபாய் ஊதியமும் ஆண்டுக்கு 7 லட்சம் ஆய்வுத் தொகையும். பொதுப் பிரிவினருக்கு 32 வயது வரையே வாய்ப்பு. ஐந்து ஆண்டுகள் என்பது பேட்டரிக்காரனுக்கு வரம். ஆனால் ஐந்து ஆண்டுகள் முடியும்போது நிரந்தர வேலை கையில் இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. இங்கே பேசும் 60 லட்ச நல்கையோ நிரந்தரப் பணியில் இருப்பவருக்கே உரியது; வயது வரம்பும் 42 என்று தாராளமாக இருக்கிறது, பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் 3 ஆண்டு தளர்வு உண்டு. தாமதமாக ஆய்வுக்கு வந்தவர்கள், குழந்தை வளர்ப்புக்காக இடையில் நின்றவர்கள் ஆகியோரைப் பொறுத்தவரை இந்த ஒரு விதிக்காகவே நல்கையைப் பாராட்டலாம்.

கருவி வாங்குவதே மலைப்பாக இருக்கும் சிறு கல்லூரி ஆசிரியர்களுக்குச் செர்ப் காலத்தில் தொடங்கிய 'டேர்' திட்டம் பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து. தன் கல்லூரி வேலையை விடாமல், அருகிலுள்ள பெரிய ஆய்வு நிறுவனத்தில் சில காலம் வேலை செய்ய அது வழிவகுக்கிறது. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் போன்ற ஓரிடம் பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருப்பவர் எதற்காகச் சொந்தமாகக் கிளவ் பாக்ஸ் வாங்கி, அதன் வால்வுக்காகக் காத்திருக்க வேண்டும்? அந்த நிறுவனமே 1948ஆம் ஆண்டு அழகப்பச் செட்டியார் கொடுத்த 15 லட்சம் ரூபாயிலும் 300 ஏக்கர் நிலத்திலும் எழுந்தது. அந்தக் கொடையில் செலவழித்து முடிக்க வேண்டிய தேதி எதுவும் எழுதியிருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மின்வாகனத் துறையில் இருப்பவர்கள் இதே அறக்கட்டளையின் 'மஹா' மின்வாகனத் திட்டத்தையும் பார்க்க வேண்டும். வெப்ப மண்டலத்துக்கேற்ற பேட்டரிகள் என்பதையே அதன் மூன்று பிரிவுகளில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள்; குளிர்நாட்டில் வடிவமைத்த கலத்தை நம் வெயிலில் ஓட்டுவதன் சிக்கலை யாரோ ஒருவர் புரிந்து எழுதியிருக்கிறார். ஆனால் அது குழுக்களாகச் சேர்ந்து செய்யும் பெருந்திட்டம். தனியாகத் தொடங்கும் இளையவருக்கு நேரடியாகப் பயன்படாது.

வெளிநாட்டு ஒப்பீட்டில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. தொகையை ஒப்பிட்டால் மனம்தான் சோரும். ஆண்டுகளை மட்டும் ஒப்பிடுகிறேன். ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் தொடக்க நல்கையும் அமெரிக்க ஆற்றல் துறையின் தொடக்கநிலை ஆய்வாளர் திட்டமும் ஐந்தைந்து ஆண்டுகளுக்கானவை.

நம் அரசுக்கு இந்தத் துறையில் பணமில்லை என்றும் சொல்ல முடியாது. 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் மொத்த ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். அதில் ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் 400 கோடி, நூற்றுக்கு இரண்டு. 2025இல் ஒப்புதல் பெற்ற ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க நிதி 1 லட்சம் கோடி ரூபாய். ஆனால் அது ஓரளவு முதிர்ந்துவிட்ட தொழில்நுட்பத்தைக் கொண்டுவரும் தனியார் நிறுவனங்களுக்கானது, முக்கியமாக நீண்டகாலக் கடன். அந்த முதிர்ச்சிக்கு முந்தைய படியில், கரியைச் சுட்டு, கலத்தை மூடி, சுற்றுகளை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு இந்த 60 லட்ச ரூபாய் நல்கை போன்றவையே கதி. அறக்கட்டளையின் ஐந்தாண்டுத் திட்டமான 50,000 கோடியிலும் அரசின் பங்கு 14,000 கோடிதான். மீதியைத் தொழில்துறையும் கொடையாளர்களும் தர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

விண்ணப்பிக்கும் நடைமுறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எல்லாம் இணையவழிதான்; நிறுவனத் தலைவரின் ஒப்புதல் கடிதத்தைக் கடைசி வாரத்துக்கு விட்டுவைக்காதீர்கள், முதல்வர்கள் கடைசி வாரத்தில்தான் வெளியூர் போவார்கள். ஆய்வு முன்மொழிவில் கால அட்டவணையை எழுதும்போது, முதல் ஆறு மாதத்துக்குள் கருவி வந்து நின்றுவிடும் என்று எழுதாதீர்கள். முதல் ஆண்டில் வெளி ஆய்வகம் ஒன்றில் செய்யக்கூடிய வேலையை வைத்துக்கொண்டு, நீண்ட சோதனையை 14ஆவது மாதத்திலாவது தொடங்கும்படி அமையுங்கள். அப்போது 416 நாட்கள் 28ஆவது மாதத்தில் முடிந்து, எழுதுவதற்கு எட்டு மாதம் மிஞ்சும். மூன்றாவது ஆண்டின் மதிப்பு எனக்கு இந்தக் கழித்தல் கணக்கில்தான் தெரிந்தது.

என் நல்கை 2023 டிசம்பரில் முடிந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பு தொடங்கிய முழுக்கலம் ஒன்றை எடுக்க மனமின்றி, சோதனைக் கருவியின் மூன்றாம் தடத்தில் அப்படியே ஓடவிட்டிருக்கிறேன். மின்தடைகளையும் ஒரு யூ.பி.எஸ். மாற்றத்தையும் தாண்டி, போன வாரம் அது 1,800ஆவது சுற்றைக் கடந்தது. அனுப்பி முடித்த நிறைவறிக்கையில் அந்தக் கலத்துக்கு எதிரே 190 என்று எழுதியிருக்கிறேன்.